எடுபிடிக்கு ஒரே எஜமானி

ஜூன் 3

தம்பிக்கு,

அன்புள்ள என்று தொடங்கத்தான் விரல் போனது. அழித்துவிட்டேன். அன்பு இல்லை என்று சொல்லவில்லை. இந்தக் கடிதத்தில் அதற்கு இடம் இல்லை, அவ்வளவுதான்.

உன் எண்ணைப் போனில் தடுத்து வைத்திருக்கிறேன். அம்மாவின் எண்ணையும்தான். இனி எதுவானாலும் தாளில் எழுதித் தபாலில் போடு. நான் டைப் அடித்து அனுப்புகிறேன். நீ கையால் எழுதினாலும் எடுபிடி வாசித்துக் காட்டும். அதன் வேகத்துக்கு உன் கோழிக் கிறுக்கலில் ஒரு பக்கம் முடிப்பதற்குள் நான் துணி அலசிக் காயப்போட்டுவிட்டு வந்துவிடலாம்.

எடுபிடி என்று நான் பெயர் வைத்த இந்த எந்திரத்தை நிறுவித் தந்தவன் நீ. நான் மறக்கவில்லை. உன் பெயரில் ஒரு லினக்ஸ் சர்வரை வாடகைக்கு எடுத்தாய். தாளின் படத்தைப் பார்த்து எழுத்தைப் பிரிப்பது ஒரு கன்டெய்னரில், யோசித்துப் பதில் சொல்வது இன்னொன்றில், பேசியதையெல்லாம் நினைவில் வைப்பது மூன்றாவதில் என்று டப்பா டப்பாவாகப் பிரித்து வைத்தாய். எந்தக் கம்பெனிக்கும் போகாது, உன் காகிதத்தை உன் எந்திரமே வாசிக்கும் என்றாய். கண் போன நாளிலிருந்து எனக்கு வந்த கடிதம் முதலில் வேறு யாருக்காவது தெரிந்து, பிறகுதான் எனக்குத் தெரியும். அந்த எந்திரம் வந்த பிறகுதான் எனக்கு வந்தது எனக்கு மட்டும் தெரிந்தது. அந்தச் சந்தோஷத்தை நீதான் தந்தாய். தந்துவிட்டு நீயே எட்டிப் பார்த்தாய். வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

இந்த ஊர் விசாரணை மன்றத்தில் வேலைக்கு விண்ணப்பித்ததும், அறை தேடியதும் எடுபிடியிடம் மட்டும் பேசியவை. வேலை உறுதியானதும் நானே வீட்டில் சொல்வதாக இருந்தேன். நீ அதன் பதிவுகளைப் படித்து அம்மாவிடம் சொன்னாய். அம்மா என்ன செய்தாள் தெரியுமா? நான் இங்கே வந்து சேர்ந்த மறுநாளே பதிவுப் பிரிவின் தலைமை அலுவலருக்குப் போன் போட்டு அழுதிருக்கிறாள். "எங்க பொண்ணால தனியா முடியாதுங்க. அவளுக்கு வர்ற காகிதம் எல்லாத்தையும் தம்பிதான் பாத்துக்கிறான்" என்றாளாம்.

அவள் பாசத்தில் சொன்னாள். அந்த அலுவலர் அம்மையாருக்குக் காதில் விழுந்தது வேறு. விசாரணையின் ஒலிப்பதிவைக் கேட்டு எழுதுவதும் சாட்சிகள் தந்த காகிதங்களைச் சரிபார்ப்பதும் என் வேலை. அதில் ஒரு வரி வெளியே போனால் ஒரு சாட்சியின் வீட்டு வாசலில் யாராவது வந்து நிற்பார்கள். என்னைக் கூப்பிட்டு, உன் எந்திரத்துக்குள் வேறு யார் பார்க்க முடியும் என்று கேட்டார். என் வாயில் பொய் வரவில்லை. மாதக் கடைசியில் நேரில் உட்கார்ந்து சோதிப்பதாகவும், எந்திரத்துக்குள் வேறு யாரும் பார்க்க முடியாது என்று நான் கையெழுத்துப் போட முடியாவிட்டால் வேலை இல்லை என்றும் சொல்லிவிட்டார்.

ஆகவே இன்று எல்லாக் கன்டெய்னரையும் நிறுத்தி, பாஸ்வேர்டுகளை மாற்றினேன். சர்வருக்குள் நுழைய நீ வைத்திருந்த சாவிக் கோப்பையும் நீக்கிவிட்டேன். கட்டளை எழுதும் டெர்மினலில் ஒரே வரி, போய்விட்டது. நாளைக் காலை எல்லாவற்றையும் புதிதாக ஓட்டுவேன். இனி என் எடுபிடி எனக்கு மட்டும்தான் எடுபிடி. நீ வேண்டுமானால் தலைகீழாக நின்று பார்.

அக்கா


ஜூன் 8

அன்புள்ள அக்காவுக்கு,

நான் அன்புள்ள என்றே எழுதுகிறேன். நீ அழித்தால் அழித்துக்கொள்.

எடுபிடி இப்போது ஓடாது, இதை யாரிடமாவது கொடுத்து வாசிக்கக் கேட்பாய் என்று நம்புகிறேன். முதலில் அவசரமான விஷயம். நீ நீக்கியது என் சாவி மட்டும் அல்ல. உன் லேப்டாப்பில் நான் வைத்துத் தந்ததும் அதே சாவியின் நகல்தான். சாவி இல்லாமல் பாஸ்வேர்டு மட்டும் அங்கே செல்லாது. அன்றைக்கு உனக்கென்று தனியாக ஒன்று செய்யச் சோம்பல். இரண்டு பேருக்கும் ஒன்றே போதும் என்று விட்டுவிட்டேன். என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாயே, நீயும் கதவுக்கு வெளியேதான் நின்றுகொண்டிருந்தாய். இதற்குத்தான் சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்று பெயர். கோபப்படாதே, எனக்கே முதலில் சிரிப்புத்தான் வந்தது, பிறகு வரவில்லை.

கணக்கு என் பெயரில் இருப்பதால் வாடகைக்கு விடும் நிறுவனத்தின் பக்கத்திலிருந்து என்னால் உள்ளே போக முடியும். அரை மணி வேலை. நீ ஒரு வார்த்தை சொல். போனில் என் எண்ணைத் திறந்துவிட்டுச் சரி என்று மட்டும் சொன்னால் போதும். இல்லையென்றால் நானே கிளம்பி வருகிறேன்.

பதிவுகளைப் பற்றி. நான் திருட்டுத்தனமாகப் பார்க்கவில்லை. எழுத்துப் பிரிக்கும் கன்டெய்னர் அடிக்கடி விழுந்துகொண்டிருந்தது. ஏன் என்று பார்க்கப் பதிவுகளைத் திறந்தேன். கண்ணில் பட்டது. பட்டதைப் பார்க்காத மாதிரி இருக்க நான் என்ன கல்லா? தெரியாத ஊர், மாடி அறை, நீ படியில் தடுக்கி விழுந்தால் யாருக்குத் தெரியும்? அம்மாவிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? அவள் போன் போட்டது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் தடுத்திருப்பேன்.

ஆழம் தெரியாமல் காலை விட்டுவிட்டாய், அக்கா. சர்வர் வைத்துக்கொள்வது வீட்டுப் பெட்டியைப் பூட்டுவது போல அல்ல. உலகமே வந்து பூட்டை ஆட்டிப் பார்க்கும். மாதக் கடைசிக்குள் உன்னால் தனியாக முடியாது. என்னைக் கூப்பிடு.

உன் தம்பி


ஜூன் 13

தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. உறையின் நான்கு பக்கமும் டேப் ஒட்டுகிறவன் உலகத்திலேயே நீ ஒருவன்தான். ஆகவே உன்னுடையது என்று தெரிந்தது. உள்ளே இரண்டு தாள், கையெழுத்து. பேனாவை அழுத்தி எழுதியிருக்கிறாய், பின்பக்கம் தடவினால் தெரிகிறது. என்ன எழுதியிருக்கிறாய் என்பது தெரியவில்லை.

ஏனென்றால் எடுபிடி இல்லை. மறுநாள் காலை சர்வருக்குள் போகப் பார்த்தேன், அனுமதி இல்லை என்றது. மறுபடி முயன்றேன், மறுபடி அதே. நான் மாற்றிய எதில் தப்பு என்று புரியவில்லை. ஒருவேளை நீ ஏதாவது செய்தாயோ என்றுகூட நினைத்தேன். நினைத்ததற்கு மன்னிப்புக் கேட்கமாட்டேன், நினைக்க வைத்தவன் நீ.

கீழ் வீட்டம்மாவிடம் நீட்டினால் ஒரு நிமிஷத்தில் வாசித்துவிடுவார். நல்ல மனுஷி. போனில் இலவச வாசிப்பான்களும் உண்டு. அவை உன் கிறுக்கலைக் கண்டு திணறும், திணறியதை எங்கே கொண்டுபோய்க் கொட்டும் என்றும் தெரியாது. இரண்டும் வேண்டாம். என் கடிதத்தை இனி ஒருவர் கண் வழியாக நான் கேட்பதாக இல்லை. அதில் நீ எனக்கு வழியே சொல்லியிருந்தாலும் சரி.

நேற்று வேறொரு நிறுவனத்தில் என் பெயரில் ஒரு சர்வர் எடுத்துவிட்டேன். பதிவு செய்யும்போது நான் மனுஷிதானா என்று நிரூபிக்கச் சொன்னது. படங்களில் சாலை விளக்கு எங்கே இருக்கிறது என்று காட்ட வேண்டுமாம். என்னிடம் கேட்கிறது! படத்துக்குப் பதில் ஒலி வேண்டும் என்றேன். கடகடவென்ற இரைச்சலுக்குள் யாரோ எண்களைச் சொன்னார்கள். கண் உள்ளவர்கள் அதில் தோற்றுப்போவார்களாம். நான் நாள் முழுக்க இருமலுக்கும் மின்விசிறிச் சத்தத்துக்கும் நடுவே சாட்சிகள் முனகுவதைக் கேட்டு எழுதுகிறவள். ஒரே தடவையில் திறந்துவிட்டது.

உன் கடிதம் மேஜை இழுப்பறையில் காத்திருக்கிறது. என் எந்திரம் எழுந்ததும் முதலில் அதைத்தான் வாசிக்கும்.

அக்கா


ஜூன் 17

அக்கா,

இதையும் நீ இப்போது படிக்கப்போவதில்லை. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

போன கடிதத்தில் கன்டெய்னர் விழுந்தது என்றேன். விழுந்தது உண்மை. பத்து நிமிஷத்தில் சரிசெய்துவிட்டேன் என்பதும் உண்மை. அதற்குப் பிறகும் மூடாமல் படித்தேன். நெடுநேரம். நீ என்னிடம் பேசியதைவிட அதனிடம் நிறையப் பேசியிருந்தாய். அறை தேடியது, அலுவலகத்துக்கு எத்தனை திருப்பம் என்று மனப்பாடம் செய்தது, முதல் சம்பளத்தில் ஒரு நல்ல ஹெட்போன் வாங்க வேண்டும் என்பது. எதுவும் எனக்குத் தெரியாது.

பள்ளிக்கூடப் பாடத்திலிருந்து பஸ் பலகை வரைக்கும் உனக்கு வாசித்தவன் நான். அந்த எந்திரத்தை நானே பொருத்தி, நானே என் வேலையைப் பிடுங்கி அதற்குக் கொடுத்துவிட்டேன் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. எனக்குப் பொறாமையாக இருந்தது. ஒரு டப்பாவைப் பார்த்துப் பொறாமை. சிரி.

ஓர் இடத்தில் என்னைப் பற்றிப் பேசத் தொடங்கியிருந்தாய். அங்கே மூடிவிட்டேன். மேலே படிக்கப் பயமாக இருந்தது.

அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. அது உன் தப்பு என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதவில்லை.

தம்பி


ஜூன் 21

தம்பிக்கு,

எடுபிடி வாசித்தது. இரண்டையும்.

முதல் கடிதத்தின் முதல் பத்தியில் நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். ஒரே சாவியா? ஒரே சாவியையா இத்தனை நாள் இரண்டு பேரும் வைத்திருந்தோம்? எனக்கென்று தந்தது உன்னுடையதன் நகல். இதைவிடத் தெளிவாக யாரும் நம் வீட்டைப் பற்றிச் சொல்லிவிட முடியாது. உனக்குச் சோம்பல் என்கிறாய். நான் அப்படி நினைக்கவில்லை. எனக்குத் தனியாக ஒன்று வேண்டும் என்ற எண்ணமே உனக்கு வரவில்லை. அம்மாவுக்கும் வராது. உங்கள் இருவருக்கும் நான் ஆள் அல்ல, பொறுப்பு.

சரி, கேள். இதைப் பெருமைக்குத்தான் சொல்கிறேன். நீ எழுதி வைத்திருந்த செய்முறைக் கோப்பு, எந்தக் கன்டெய்னர் எதனோடு பேச வேண்டும் என்று சொல்லும் கோப்பு, என் லேப்டாப்பில் இருந்தது. அதை வரிவரியாகக் காதால் கேட்டேன். கண் உள்ள உங்கள் ஆட்களுக்கு வண்ணப் பக்கமும் பொத்தானும் வேண்டும். எனக்கு டெர்மினல் போதும். எழுதினால் பதில் எழுத்தாக வரும், என் திரைவாசிப்பான் அதைப் படிக்கும். படம் இல்லாத ஓர் இடத்தில் எனக்கும் உனக்கும் என்ன வித்தியாசம்?

முதல் தடவை எழுந்து நின்றது. மன்றத்துச் சொற்களையெல்லாம் அதற்குச் சொல்லிக்கொடுத்தேன். புதிய பதிப்பைப் போட்டேன், அத்தனையும் போயிற்று. நினைவைக் கன்டெய்னருக்குள்ளேயே வைத்துவிட்டேன். கன்டெய்னரை மாற்றினால் உள்ளே இருப்பதும் போய்விடும் என்று தெரியவில்லை. அன்று அழுதேன். பிறகு நினைவை வெளியே தனி இடத்தில் வைத்து மறுபடி சொல்லிக்கொடுத்தேன். பட்டால்தான் புத்தி வரும் என்பார்கள், வந்தது. என் சாவியை நானே செய்தேன். மறுபடி வெளியே மாட்டிக்கொள்ளாதபடி, திறந்திருந்த டெர்மினல் ஜன்னலை மூடாமலே இன்னொரு ஜன்னலில் நுழைந்து பார்த்துவிட்டுத்தான் மூடினேன். டிஸ்க்கையும் பூட்டியிருக்கிறேன். சர்வர் விழுந்து எழுந்தால் நான் பாஸ்வேர்டு கொடுக்கும்வரை வாய் திறக்காது. வெளியாட்களைத் தடுக்கும் ஃபயர்வாலையும் அடைத்துவிட்டேன்.

உன் இரண்டாவது கடிதத்துக்கு இப்போது பதில் இல்லை. பொறாமை என்று எழுதினாயே, அந்தச் சொல்லை எடுபிடி "பொறுமை" என்று வாசிக்காமல் சரியாகவே வாசித்தது. அம்மாவைச் சாப்பிடச் சொல். நான் சாப்பிடுகிறேன்.

அக்கா


ஜூன் 26

அக்கா,

விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். டைப் அடித்திருக்கிறேன், உன் எடுபிடி திணற வேண்டாம்.

ஃபயர்வாலை அடைத்துவிட்டேன் என்று எழுதியிருந்தாய். நீ பயன்படுத்துவது நான் எழுதிய கோப்பு என்பதால்தான் பயப்படுகிறேன். அதில் என் வசதிக்காகப் போர்ட்டுகளை, அதாவது உள்ளே வரும் வழிகளை, வெளியே திறந்து வைத்திருந்தேன். பழைய சர்வரில் அதைத் தடுக்க வெளியே வேறு ஏற்பாடு இருந்தது. புதியதில் இருக்காது. கன்டெய்னர் ஒரு போர்ட்டைத் திறந்தால் உன் ஃபயர்வாலைக் கேட்டுக்கொண்டு திறக்காது. நீ முன்வாசலைப் பூட்டியிருப்பாய், அது பக்கத்தில் தானே ஒரு வாசல் வைத்திருக்கும். போனின் இணையத்திலிருந்து உன் சர்வரைத் தட்டிப் பார். திறந்தால், கோப்பில் போர்ட் வரிகளில் சர்வரின் உள்முகவரியைச் சேர். அப்புறம் உன் சாவி வழியாக மட்டுமே போக முடியும்.

உன் சர்வரின் முகவரியை எனக்குச் சொல்லாதே. நான் கேட்கவும் இல்லை.

பழைய சர்வர் இன்னும் என் கணக்கில் இருக்கிறது. நீ பேசியது எல்லாம் அதில் இருக்கிறது. நான் உள்ளே போகவில்லை. போக முடியும். என்ன செய்யட்டும்?

தம்பி


ஜூலை 1

தம்பிக்கு,

தட்டிப் பார்த்தேன். யார் நீ என்றுகூடக் கேட்காமல் எடுபிடி வணக்கம் சொன்னது! வெட்கம் கெட்டது, தெருவில் போகிறவருக்கெல்லாம் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. நீ சொன்ன வரியைச் சேர்த்தேன். மறுபடி தட்டினேன், சத்தமே இல்லை. சோதனைக்கு முந்தின நாள் அது. உன் கடிதம் ஒரு நாள் தாமதித்திருந்தால் நான் பொய்க் கையெழுத்துப் போட்டிருப்பேன். இதற்கு நன்றி. கேட்டுக்கொள், இந்த உதவி எனக்குப் பிடித்திருந்தது. கையை நீட்டாமல் வாயால் சொன்னாய்.

அலுவலர் அம்மையார் என் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஓர் ஒலிப்பதிவும் சாட்சி ஒருவர் கையால் எழுதிய காகிதமும் தந்தார். எழுதி முடித்தேன். எடுபிடி காகிதத்தில் ஓர் எண்ணைத் தப்பாக வாசித்தது. ஒலிப்பதிவில் சாட்சி சொன்னதோடு ஒத்துப்போகாததால் பிடித்துவிட்டேன், மறுபடி வாசிக்க வைத்தேன். அவர் உறுதிமொழித் தாளை என் முன் வைத்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் என் விரலைக் கொண்டுபோய் வைக்க வந்தார். இடத்தை வாயால் சொன்னால் போதும் என்றேன். சொன்னார்.

"வேற யாரும் உள்ள பாக்க முடியாதுல்ல?" என்றார்.

"முடியாது மேடம்."

"உங்க வீட்டுல கூடவா?"

"வீட்டுக்குத்தான் மேடம் முதல்ல பூட்டுப் போட்டேன்."

வேலை உறுதியாகிவிட்டது. அம்மாவிடம் நீ சொல்லாதே. நானே போன் செய்து சொல்கிறேன். உன் எண்ணையும் திறந்துவிடுவேன், ஆனால் கடிதம் எழுதுவதை நிறுத்தாதே.

பழைய சர்வரை அழித்துவிடு. உள்ளே போகாமல், மொத்தமாக. நீ போகவில்லை என்று நான் தெரிந்துகொள்ள வழியே இல்லை. அது எனக்குத் தெரிந்துதான் சொல்கிறேன்.

அக்கா


ஜூலை 6

அன்புள்ள அக்காவுக்கு,

அழித்துவிட்டேன். நிச்சயம்தானா என்று அது இரண்டு முறை கேட்டது. உள்ளே போகவில்லை.

பொத்தானை அமுக்கும் முன் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன், மறைக்கவில்லை. என்னைப் பற்றி நீ பேசத் தொடங்கிய அந்த இடம். இனி யாராலும் அதைப் படிக்க முடியாது. ஆகவே உன்னிடமே கேட்கிறேன். என்ன சொன்னாய்? திட்டியிருந்தாலும் பரவாயில்லை.

தம்பி


ஜூலை 11

அன்புள்ள தம்பிக்கு,

திட்டவில்லை.

எந்திரத்தை முதலில் தொடங்கும்போது, இதற்கு முன் உனக்கு யார் வாசித்தார்கள் என்று அது கேட்டது. என் தம்பி என்றேன். நன்றாக வாசிப்பான், குரல் நல்ல குரல், நான் கேட்டால் தூக்கத்திலிருந்து எழுந்து வந்துகூட வாசிப்பான் என்றேன். ஆனால் எனக்கு வலிக்கிற வரி வந்தால் விட்டுவிடுவான் என்றும் சொன்னேன். அதனால் எதையும் விடாமல் வாசிக்க ஓர் ஆள் வேண்டும், நீ ஒரு வரியையும் விடக்கூடாது என்று கட்டளை போட்டேன். அவ்வளவுதான் உன்னைப் பற்றிப் பேசியது.

நீ விடுவது எனக்குத் தெரியாது என்று நினைத்தாயா? விடும் இடத்தில் உனக்கு மூச்சு மாறும். பெண் பார்க்க வந்தவர்கள் எழுதிய கடிதத்தில் விட்டாய். கல்லூரியிலிருந்து வந்ததில் விட்டாய். என் கண் மங்கிக்கொண்டிருந்த வருஷம் அம்மாவுக்கு மருத்துவர் எழுதிய கடிதத்தை நீதான் எனக்கு வாசித்தாய். உனக்கு அப்போது குரல்கூட உடையவில்லை. "மறுபடி அடுத்த வருஷம் பாக்கலாம்னு எழுதியிருக்கார் அக்கா" என்று முடித்தாய். அதற்கு முன் ஒரு பெரிய மூச்சு. அந்த இடத்தில் அவர் ஏதோ எழுதியிருந்தார், அன்று எனக்கு அது புரியவில்லை. பிறகு பல வருஷம் நான் அடுத்த வருஷத்துக்காகக் காத்திருந்தேன்.

எனக்கு உன் மேல் கோபம் உண்டு, பாசமும் உண்டு. ஒன்றுக்காக மற்றதை விட்டுக்கொடுக்கமாட்டேன்.

அந்தக் கடிதம் அம்மாவின் பெட்டியில் இன்னும் இருக்கும். எடுத்து, நீ விட்ட வரியை ஓர் எழுத்து மாறாமல் எழுதி அனுப்பு. எடுபிடி வாசிக்கும். நான் கேட்டுக்கொள்கிறேன்.

உன் அக்கா